மாடலை அப்புறம் பார்க்கலாம்

வணக்கம் சார்,

முதுகலை ப்ராஜெக்டுக்காக, நுண்ணோக்கி வீடியோவில் நீந்தும் ஈ.கோலை பாக்டீரியாக்களைக் கண்டுபிடித்துப் பின்தொடர ஒரு ப்ரோகிராம் எழுதியிருக்கிறேன். டீப் லேர்னிங் மாடல் அநேகமாக எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறது. ஆனால் இரண்டு பாக்டீரியா நெருங்கி வந்தால் அவற்றுக்குக் கொடுத்த எண்கள் இடம் மாறிவிடுகின்றன. வீடியோ நொடிக்கு 10 பிரேம். இன்னும் பெரிய மாடல் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

ம.

அன்புள்ள ம.,

வேண்டாம். மாடல் மேல் குற்றமில்லை. எது எங்கே இருக்கிறது என்று அது சரியாகவே சொல்கிறது. போன பிரேமில் பார்த்தது இந்தப் பிரேமில் எது என்று இணைப்பதில்தான் உங்கள் ப்ரோகிராம் இடறுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஈ.கோலையின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். நொடிக்கு 20, 30 மைக்ரோமீட்டர்கூட நீந்தும். நொடிக்கு 10 பிரேம் என்றால், அடுத்த பிரேம் வருவதற்குள் தன் உடல் நீளத்துக்கு நகர்ந்திருக்கும். 3 மைக்ரோமீட்டர் தள்ளி இன்னொன்று இருந்தால் எது எதுவென்று உங்கள் கண்ணுக்கே தெரியாது. வீடியோவில் பதிவாகாததை மாடல் எங்கிருந்து கொண்டுவரும்? கூழ்மத் துகள்களை (திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களை) பின்தொடர்வது பற்றி க்ராக்கரும் க்ரியரும் 1996இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த நிபந்தனை இருக்கிறது: பிரேமுக்குப் பிரேம் நகரும் தூரம், துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும்.

அதனால் முதலில் கேமராவைப் பாருங்கள். நொடிக்கு 60 பிரேம் எடுத்தால் நகர்வு அரை மைக்ரோமீட்டருக்குள் வந்துவிடும். கேமரா அந்த வேகத்துக்கு வராதா? மாதிரியை நீர்த்துப்போகச் செய்து இடைவெளியைக் கூட்டுங்கள். வெறும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், அவை இருக்கும் அதே பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) கலக்குங்கள்.

அடுத்தது, இணைக்கும் முறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பக்கத்துப் புள்ளியைத் தேடினால் முதலில் தேடியது அடுத்ததன் இடத்தைப் பறித்துக்கொள்ளும். பிரேமில் உள்ள எல்லாவற்றையும் ஒரே கணக்காகப் பொருத்தும் ஹங்கேரியன் அல்காரிதம் 1955இலிருந்தே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை நகர்ந்ததை வைத்து அடுத்த இடத்தைக் கணிக்கும் கால்மன் வடிப்பானும் உதவும், ஆனால் ஈ.கோலையிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. 1972இல் பெர்க்கும் பிரௌனும், ஒரு பாக்டீரியாவைத் தானே துரத்தும் நுண்ணோக்கியை வைத்துக் கண்டது இது: அது சுமார் ஒரு நொடி நேராக ஓடுகிறது, பிறகு சுமார் 0.1 நொடி உருண்டு புரண்டு வேறு திசையில் கிளம்புகிறது. உங்கள் வீடியோவில் அந்தப் புரளல் மொத்தமும் ஒரே பிரேம்! நேர்கோட்டை நம்பும் கணிப்பு ஏமாறுவது அங்கேதான். திசைமாற்றத்துக்குத் தாராளமாக இடம் விட்டு வையுங்கள்.

இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்துவிட்டால் நான் பாதையை அங்கேயே வெட்டி, பிரிந்த பிறகு புது எண் கொடுத்துவிடுவேன். வேகத்தை அளக்கத் துண்டுப் பாதை போதும். தப்பாக ஒட்டிய பாதை கணக்கையே கெடுத்துவிடும்.

புது வீடியோவில் கொஞ்சப் பகுதியையாவது கையால் குறித்துவைத்து, எண் எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ணுங்கள். கண்டறிதலின் துல்லியச் சதவீதத்தில் அது தெரியாது.