டிசம்பரில் அறுகம் குடா வேண்டாம்

கேள்வி: வயது 27. சொந்த ஊர் திண்டுக்கல், பெங்களூரு மாரத்தஹள்ளியில் பிஜி (பேயிங் கெஸ்ட்) விடுதியில் தங்கி வேலை பார்க்கிறேன். டிசம்பர் கடைசி வாரம் லீவு. தனியாக இலங்கை போய், அறுகம் குடாவில் சர்ஃபிங் (போர்டில் நின்று அலை மேல் சறுக்குவது) கற்றுக்கொள்ள ஆசை. எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறைதான் கட்டுப்படியாகிறது, ஆண் பெண் கலந்த அறை. "முன்பின் தெரியாத ஆம்பளைங்களோட ஒரே ரூம்லயா?" என்று அம்மா அழுகிறார். ஆபீஸ் தோழிகளோடு போவதாகப் பொய் சொல்லிவிடலாமா? நீச்சல் சுமாராகத் தெரியும். சொந்தமாக போர்டு வாங்கலாமா?
- பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: அம்மாவுக்கு அந்த அறையை நினைத்துப் பயம், உங்களுக்கு அம்மாவை நினைத்துப் பயம். கடலைப் பற்றி இரண்டு பேருமே யோசித்த மாதிரி தெரியவில்லை, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஊரை மாற்றுங்கள். அறுகம் குடா கிழக்குக் கரையில் பொத்துவில் பக்கம் இருக்கிறது, அங்கே சீசன் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. டிசம்பரில் நம் ஊர்களில் மழையைக் கொட்டுகிற அதே வடகிழக்குப் பருவக்காற்று அங்கேயும் அடிக்கும், கடல் கலங்கிக் கிடக்கும், பாதிக் கடைகள் மூடியிருக்கும். நீங்கள் ஏதாவது வீடியோ பார்த்து ஆசைப்பட்டிருந்தால், அது ஜூலை மாதத்தில் எடுத்ததாக இருக்கும். டிசம்பர் என்றால் தெற்குக் கரைதான், அதிலும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வெலிகம. வெலிகம குடாவின் அடியில் மணல் என்பதால் விழுந்தால் மூக்கில் தண்ணீர் ஏறும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்திலேயே மிதிகம என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே அலை உடைவது பாறைத்திட்டின் மேல், ஹாஸ்டலில் யாராவது "வா, அங்கே அலை சூப்பர்" என்று கூப்பிட்டால் முதல் வாரத்தில் போகாதீர்கள். கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இருந்து வெலிகமவுக்கு ரயில் இருக்கிறது. வலது பக்க ஜன்னல் கிடைத்தால் வழியில் பெரும்பகுதி கடல்தான். ஒரு நஷ்டமும் உண்டு: பொத்துவிலில் தமிழே போதும், தெற்கில் சிங்களம், ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

அடுத்து அந்த "சுமாராக". எந்த அளவுக்குச் சுமார்? கால் எட்டாத தண்ணீரில் பதறாமல் பத்து நிமிடம் மிதக்க முடியுமா? முடியாது என்றால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் நீச்சல் வகுப்பில் சேருங்கள், பெங்களூரில் குளத்துக்குப் பஞ்சமில்லை. போர்டு காலில் கட்டியிருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். அந்தக் கயிறு அறுந்துபோவதும் உண்டு. இன்னொரு ஆபத்து கடலின் இழுப்பு: கரைக்கு வந்த தண்ணீர் எங்காவது ஓரிடத்தில் குறுகலாகச் சேர்ந்து திரும்பக் கடலுக்குள் ஓடும். பார்க்க அலையே உடையாமல் சாதுவாகத் தெரிகிற இடம்தான் பல நேரம் உள்ளே இழுக்கிற இடம், புதிதாக வருகிறவர்கள் குளிக்கத் தேர்ந்தெடுப்பதும் சரியாக அதைத்தான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும், முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். முதல் வகுப்பில் பயிற்சியாளர் இதைச் சொல்லித்தராமல் நேராகப் போர்டில் ஏற்றிவிட்டால் அடுத்த நாள் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னும் ஒரு யோசனை. நவம்பரில் ஒரு சனி ஞாயிறு முல்கிக்குப் போய்வாருங்கள். ராத்திரி பஸ்ஸில் மங்களூரு, அங்கிருந்து உடுப்பி ரோட்டில் கொஞ்ச தூரம். சாம்பவி ஆறு கடலில் கலக்கிற ஊர், சர்ஃபிங் சொல்லித்தரும் இடங்கள் இருக்கின்றன. இரண்டு நாள் உப்புத்தண்ணீர் குடித்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் கடல் தாண்டலாம்.

ஹாஸ்டல் விஷயத்துக்கு வருவோம். கலந்த அறையில் படுத்தாலே ஆபத்து என்றில்லை, பெரும்பாலும் குறட்டையும் ஈரத்துண்டு வாடையும்தான் தொல்லை. ஆனாலும் முதல் தடவை தனியாகப் போகும்போது பெண்களுக்கான அறையையே எடுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும். தனியாகப் போய்த் தங்கிய பெண்கள் சமீபத்தில் எழுதிய விமர்சனங்களை மட்டும் படியுங்கள். லாக்கர் இருந்தாலும் பூட்டு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். "பார்ட்டி ஹாஸ்டல்" என்று அவர்களே போட்டிருந்தால் நம்பிவிடுங்கள், காலை ஆறரைக்கு அலைக்குப் போக நினைக்கிற ஆளுக்கு அது ஒத்துவராது. கிறிஸ்துமஸ் வாரம் கூட்டம் நெரியும், இப்போதே புக் செய்யுங்கள். எல்லாரும் ஸ்கூட்டர் எடுக்கிறார்களே என்று நீங்களும் எடுக்காதீர்கள், நம் லைசென்ஸ் மட்டும் அங்கே செல்லாது, தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

அம்மாவிடம் பொய் வேண்டாம். நியாய அநியாயம் பேசவில்லை, நடைமுறைக்குத்தான் சொல்கிறேன்: அங்கே கால் பிசகினால் முதலில் போன் போகப்போவது திண்டுக்கல்லுக்கு. இல்லாத தோழிகளைப் பற்றி அப்போது யார் விளக்குவது? பெண்கள் அறை என்ற புக்கிங்கைக் காட்டுங்கள், ஹாஸ்டல் நம்பரைக் கொடுங்கள், தினமும் பேசும் நேரத்தைச் சொல்லுங்கள். முல்கிக்கு அவரையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. அப்புறமும் அழுதால் அழட்டும், 27 வயதில் அனுமதி கேட்க வேண்டியதில்லை, தகவல் சொன்னால் போதும்.

போர்டா? ஒன்பது அடி இருக்கும், பிஜி கட்டிலை விட நீளம். வாடகைக்கே எடுங்கள்.