ப்ராஜெக்டை வாங்காமல் நாமே செய்தால் ஆராய்ச்சி ஆகுமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் மூன்று பேர் ஈ.சி.இ. (மின்னணுவியல், தகவல்தொடர்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். அடுத்த செமஸ்டரில் ஜீரோத் ரிவ்யூ, அதாவது ப்ராஜெக்டின் முதல் மதிப்பீடு. 'ஐ.ஓ.டி. (இணையத்தோடு இணைத்த கருவிகள்) வழி ஸ்மார்ட் பாசனம்' என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறோம். "எதுக்கு வம்பு, ப்ராஜெக்ட் சென்டர்ல காசைக் கட்டினா கிட், புரோகிராம் கோடு, ரிப்போர்ட் எல்லாம் வந்துடும்" என்கிறார்கள் சீனியர்கள். நாங்களே செய்தால் ஆராய்ச்சி என்று சொல்லும்படி ஏதாவது தேறுமா? லேபில் பெரிய கருவிகள் இல்லை. பி.எஸ்சி. கணிதம் படிக்கும் என் தங்கைக்கும் இதே கவலை.

பதில்: தேறும். ஆனால் தலைப்பை விட்டுவிட்டு ஒரு கேள்வியைப் பிடிக்க வேண்டும்.

எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராகப் போகிற என்னைப் போன்றவர்களுக்கு ஸ்மார்ட் பாசனம் நன்றாகப் பழகிய முகம். தெர்மோகோலில் ஒரு வயல், பிளாஸ்டிக் டப்பாவில் மண், அதில் குத்திய சென்சார், பக்கத்தில் ஒரு குட்டி மோட்டார். சென்சாரை வெளியே எடுத்தால் மோட்டார் ஓடும். தண்ணீருக்குள் விட்டால் நிற்கும். "மோட்டார் ஓடுவதற்கும் நிற்பதற்கும் எல்லையாகக் கோடில் 500 என்று போட்டிருக்கிறீர்களே, ஏன் 500?" என்று கேட்பேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கோடு வரும்போதே அந்த எண்ணும் கூடவே வந்தது, அவ்வளவுதான்.

அந்த 500-தான் உங்கள் ப்ராஜெக்ட்.

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகை, சென்சார் தரும் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாக மாற்றித் தருகிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து மண்ணில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று சொல்ல முடியாது. கெப்பாசிட்டிவ் வகை சென்சார் மண்ணின் மின்கடத்தாப் பண்பை உணர்கிறது. தண்ணீருக்கு அதன் மதிப்பு சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு 3-லிருந்து 5 வரை. ஆகவே ஈரம் கூடினால் எண் மாறும். எவ்வளவு மாறும் என்பது மண்ணைப் பொறுத்தது. உங்கள் ஊர்க் கரிசல் காயும்போது சுருங்கி வெடிக்கும். வெடிப்புக்குள் காற்று புகுந்தால் சென்சார் மண்ணோடு ஒட்டாமல் நிற்கும். செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. ஆக உங்கள் கேள்வி இதுதான்: ஒரே அளவு ஈரம் இருந்தால் கரிசலிலும் செம்மண்ணிலும் இந்த சென்சார் ஒரே எண்ணைக் காட்டுமா? இல்லையென்றால் வித்தியாசம் எவ்வளவு?

இதற்கு வேண்டிய கருவி உங்கள் கல்லூரியிலேயே இருக்கும், சிவில் துறையின் மண் பரிசோதனைக் கூடத்தில்: ஒரு ஓவன், ஒரு தராசு. (அங்குள்ள லேப் அட்டெண்டரிடம் முதலிலேயே நல்ல பெயர் வாங்கிவிடுங்கள். உங்கள் ஹெச்.ஓ.டி.யைவிட அவர்தான் அதிகம் தேவைப்படுவார்.) இரண்டு மண்ணையும் கல் பொறுக்கி, உடைத்து, சலித்து, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்துங்கள். 500 கிராம் உலர்ந்த மண்ணில் 25 கிராம் தண்ணீர் கலந்தால் எடைக்கணக்கில் 5 சதவீதம் ஈரம். 50, 75, 100 கிராம் கலந்தால் 10, 15, 20 சதவீதம். எதுவும் கலக்காதது 0. கலந்ததைப் பாலிதீன் பையில் கட்டி ஒரு ராத்திரி வைத்தால் ஈரம் பரவிவிடும். மறுநாள் ஒரே அளவு டப்பாவில் ஒரே உயரத்துக்கு அடைத்து, சென்சாரை ஒரே ஆழத்துக்குக் குத்துங்கள். அதற்கு சென்சார் மேலேயே மார்க்கரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ரீடிங் எடுத்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு ஊற்றினோம் என்பது வேறு, ஆவியானது போக எவ்வளவு இருந்தது என்பது வேறு.

ஒவ்வொரு ஈரத்துக்கும் மூன்று டப்பா. இரண்டு மண், ஐந்து ஈரம், மூன்று டப்பா: மொத்தம் 30. ஒரே டப்பாவில் சென்சாரை உருவி மறுபடி குத்தினாலே எண் மாறும். அதைப் பார்த்துப் பயந்து மறைக்காதீர்கள். எவ்வளவு மாறுகிறது என்று எழுதினால் அதுவும் ஒரு முடிவுதான். திங்கட்கிழமை கரிசல் முழுவதும், செவ்வாய்க்கிழமை செம்மண் முழுவதும் என்று முடித்துவிடவும் வேண்டாம். செவ்வாயன்று வெயில் கூடுதலாக இருந்தால் வித்தியாசம் மண்ணால் வந்ததா வெயிலால் வந்ததா என்று தெரியாமல் போகும். சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு செய்யுங்கள். புள்ளியியல் மேதை ஆர்.ஏ. ஃபிஷர் 1938-ல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில், சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் போவது பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது மாதிரி என்றார். நம் மாணவர்கள் இன்றும் ரிப்போர்ட் எழுதும்போதுதான் போகிறார்கள்.

கடையில் இரண்டு கம்பி நீட்டிய ரெசிஸ்டிவ் வகை சென்சாரும் மலிவாகக் கிடைக்கும். அதற்கு டி.சி. மின்சாரம் விடாமல் பாய்ந்தால் மின்பகுப்பில் அரித்துப்போய், மண் மாறாமலே ரீடிங் மாறத் தொடங்கும். தவிர்த்துவிடுங்கள்.

ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னால் நாலே நாலு டப்பாவில் செய்து பாருங்கள். தராசு சரியில்லை, ஓவனுக்கு வரிசை நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். நாலு புள்ளி வைத்த கிராஃப் ஒன்றைக் காட்டினால் ரிவ்யூவில் பேச்சே வேறு மாதிரி போகும். கைடுக்குப் பல பேட்ச் இருக்கும். வாரம் பத்து நிமிடம் கேளுங்கள். செய்தது, கிடைத்தது, சிக்கியது என்று ஒரே பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்.

சென்டர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே விற்கும் ரிப்போர்ட் உங்களுக்கு மட்டும் எழுதியதல்ல. ஆய்வேடுகளுக்கான யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் பிறர் எழுதியதோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மூன்று நாளில் பேப்பர் போட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்கும் ஜர்னல்கள் பக்கமும் போகாதீர்கள்.

பணத்துக்கு, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் கைடு, முதல்வர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தொகை பெரிதல்ல, உங்கள் 30 டப்பாவுக்கு உதவும். வெளி லேப் பார்க்க ஆசையிருந்தால் பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று தேசிய அறிவியல் கழகங்களும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு முயலுங்கள். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை.

தங்கைக்கு ஓவன்கூட வேண்டாம். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்ட 6174-ஐ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணின் இலக்கங்களையும் இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையைக் கழித்துக்கொண்டே போனால் ஏழு படிக்குள் 6174 வந்துவிடும். 3524-ல் தொடங்கினால் 5432-லிருந்து 2345 போக 3087, அடுத்து 8352, அப்புறம் 6174. மூன்று இலக்கத்தில் 495-ல் நிற்கும். இரண்டு இலக்கத்திலோ நிற்காமல் 09, 81, 63, 27, 45 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். வருகிற விடை எல்லாமே 9-ன் மடங்கு. ஏன் என்று அவர் முதலில் நிறுவட்டும், அரைப் பக்கம் போதும். பிறகு அடிமானத்தை (எத்தனை இலக்கங்களை வைத்து எண்களை எழுதுகிறோம் என்பதை) 10-லிருந்து 8-க்கு மாற்றினால் அந்த 9-ன் இடத்தில் எது வரும், சுற்றுகள் எத்தனை வரும் என்று நோட்டிலும் கணினியிலும் தேடத் தொடங்கலாம்.