தொடாமலேயே ஸ்டிக் நகர்கிறது: என் கைக் குற்றமா, கன்ட்ரோலரின் குற்றமா? விலை கூடியது வாங்கினால் தீருமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வீடியோ கேம் கன்ட்ரோலர், அதன் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் கதாபாத்திரம் இடப்பக்கமாக நடந்துகொண்டே இருக்கிறது. விவாதக் குழு ஒன்றில் கேட்டிருக்கிறீர்கள். சிலர் "முரட்டுத்தனமாக விளையாடியிருப்பீர்கள், எனக்கு மூன்று வருடமாக ஒன்றும் ஆகவில்லை" என்றார்கள். மற்றவர்கள் "அந்தக் கம்பெனி சரக்கே அப்படித்தான், ஹால் எஃபெக்ட் வாங்குங்கள்" என்றார்கள், அதாவது காந்தத்தால் அசைவை அளக்கும் ஸ்டிக் உள்ளதை. இதில் யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கைக் குற்றம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது தேய்மானம். விலை கூடியதோ குறைந்ததோ, இன்று விற்கும் பெரும்பாலான கன்ட்ரோலர்களின் ஸ்டிக்குக்கு அடியில் கிட்டத்தட்ட ஒரே வகையான உதிரிபாகம்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சிறிய தகரப் பெட்டி, அதன் இரண்டு பக்கங்களில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள், அதாவது நகர்த்த நகர்த்த மின்தடை மாறும் பாகங்கள். ஒன்று இடவல அசைவை அளக்கும், மற்றொன்று மேல்கீழ் அசைவை அளக்கும்.

செத்துப்போன கன்ட்ரோலர்களைப் பிரித்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அந்தப் பொட்டென்ஷியோமீட்டரின் பிளாஸ்டிக் மூடியை மெல்ல நெம்பி எடுத்தால், உள்ளே லாட வடிவில் ஒரு கறுப்புக் கார்பன் பூச்சு தெரியும். அதன்மேல் உரசிச் செல்வதற்கென்று மயிரிழை போன்ற உலோக விரல்கள் ஒரு சிறு வட்டில் பொருத்தப்பட்டிருக்கும். புதியதில் அந்தப் பூச்சு ஒரே சீரான மங்கல் கறுப்பு. தேய்ந்ததில் நடுப்பகுதியில் மட்டும் பளபளவென்று கோடுகள் விழுந்திருக்கும், ஓரத்தில் உதிர்ந்த கறுப்புத் தூள் ஒட்டியிருக்கும். ஸ்டிக் எங்கே நிற்கிறது என்பதை, உலோக விரல் நிற்கும் இடத்தில் கிடைக்கும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் கன்ட்ரோலர் கணிக்கிறது. நடுவில் நின்றால் பாதி மின்னழுத்தம் வர வேண்டும். நடுப்பகுதிப் பூச்சு தேய்ந்து, தூளும் சேர்ந்துவிட்டால் அந்தப் பாதி சற்றுக் கூடுகிறது, அல்லது குறைகிறது, அல்லது நிலையில்லாமல் துள்ளுகிறது. கன்ட்ரோலருக்கு அது உங்கள் விரல் தள்ளியது போலத்தான் தெரியும்.

நடுப்பகுதி மட்டும் ஏன் தேய்கிறது? எந்த விளையாட்டை எடுத்தாலும் ஸ்டிக் அதிகம் புழங்குவது அங்கேதான். குறி பார்க்கும்போது இம்மி இம்மியாகத் திருத்துவதும், விட்டுவிட்டுப் பிடிப்பதும் நடுவைச் சுற்றியே நடக்கின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால் கார்பன் பூச்சு எம்மாத்திரம்? முரட்டுக் கை வேண்டியதில்லை. மென்மையாக விளையாடினாலும், நிறைய நேரம் விளையாடினால் அங்கே வந்துதான் சேரும்.

பழுதுபார்ப்பு வழிகாட்டிகளுக்குப் பெயர்போன ஐஃபிக்ஸிட் 2021இல் பிளேஸ்டேஷன் 5இன் கன்ட்ரோலரைப் பிரித்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. உள்ளே இருந்தது ஆல்ப்ஸ் நிறுவனத்தின் ஸ்டிக். அதன் தரவுத்தாளில் ஆயுள் 20 லட்சம் சுழற்சிகள் என்று இருக்கிறது. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் வேகமான சுடும் விளையாட்டு ஒன்றை ஆடினால் ஏறக்குறைய 417 மணி நேரத்தில் அந்த எல்லை கடந்துவிடும் என்று அவர்கள் கணித்தார்கள். தினம் இரண்டு மணி நேரம் ஆடுபவருக்கு அது ஏழு மாதம். எல்லையைத் தாண்டிய மறுநாளே ஸ்டிக் செத்துவிடும் என்று பொருள் இல்லை. தயாரித்தவரின் உத்தரவாதம் அதுவரைதான். உங்கள் கன்ட்ரோலர் ஒரு வருடத்துக்குள் படுத்துவிட்டதில் வியப்பு ஒன்றுமில்லை என்று சொல்லவே இந்தக் கணக்கைச் சொன்னேன்.

அப்படியானால் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றவர் பொய் சொன்னாரா? இல்லை. இந்தச் சண்டையில் எனக்குச் சுவாரசியமான இடம் இதுதான், ஏனென்றால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

எந்த ஸ்டிக்கும் துல்லியமாக நடுவில் வந்து நிற்காது என்பது விளையாட்டு எழுதுபவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். அதனால் நடுவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வரும் எந்த அசைவையும் பொருட்படுத்தாதே என்று எழுதிவிடுகிறார்கள். இதைத்தான் டெட்ஸோன் என்கிறோம். விண்டோஸ் விளையாட்டுகள் கன்ட்ரோலரைப் படிக்கப் பயன்படுத்தும் மைக்ரோசாப்டின் எக்ஸ்இன்புட் நிரலகம் பரிந்துரைக்கும் அளவைப் பாருங்கள்: ஸ்டிக்கை ஒரு பக்கமாக முழுக்கத் தள்ளினால் 32767, அதில் இடது ஸ்டிக்குக்கு 7849 வரையும் வலது ஸ்டிக்குக்கு 8689 வரையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிறது. அதாவது கால்வாசி தூரம் வரை நீங்கள் தள்ளியதே தள்ளியதாகாது. இந்த அளவை அப்படியே வைத்திருக்கும் விளையாட்டில், நன்றாகத் தேய்ந்த ஸ்டிக்கும் ஆரோக்கியமாகவே தெரியும். போட்டிக்கென்று எழுதிய சுடும் விளையாட்டுகளிலோ டெட்ஸோனை நாமே சுருக்கிக்கொள்ளலாம். குறி சட்டென்று திரும்பும் என்பதால் பலரும் சுருக்கிவைக்கிறார்கள். அதே ஸ்டிக் அங்கே நடக்கத் தொடங்கிவிடும். கதை விளையாட்டு ஆடுபவரும் சுடும் விளையாட்டு ஆடுபவரும் ஒரே மாதிரி தேய்ந்த கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பொய்யர் என்று திட்டிக்கொள்ளலாம். இருவரும் டெட்ஸோன் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற பதிலில் எனக்கு எரிச்சலூட்டும் இன்னொன்று இருக்கிறது. அது கேட்டவருக்கு உதவுவதில்லை, கம்பெனிக்குத்தான் உதவுகிறது. தான் காசு கொடுத்து வாங்கிய பொருளைக் குறை சொன்னால் தன்னையே குறை சொன்னதாக எடுத்துக்கொள்ளும் மனநிலை இந்தக் கன்சோல் உலகில் மிகவும் முற்றிப்போயிருக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2017இல் வந்தபோது இது கண்கூடாகவே நடந்தது. அதன் கன்ட்ரோலரான ஜாய்கானின் ஸ்டிக் நகர்கிறது என்று எழுதியவர்களுக்கெல்லாம் கை கழுவிவிட்டு விளையாடு, குழந்தைகள் கையில் கொடுக்காதே என்று சக பயனர்களே உபதேசம் செய்தார்கள். 2019இல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2020 ஜூனில் நிறுவனத்தின் தலைவர் ஃபுருகாவா வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டார். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பான பியூக் ஏறக்குறைய 25,000 புகார்களைத் திரட்டி 2021இல் ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. கடைசியில் 2023இல், வாரண்டி முடிந்திருந்தாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து நாடுகளில் இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. கை கழுவச் சொன்னவர்கள் யாரும் திரும்பி வந்து எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இதற்கு எதிர்முனையும் அதே குழுக்களில்தான் இருக்கிறது. பிரித்த பாகத்தைப் படம் எடுத்து, எந்தத் திருகாணி எந்த நீளம் என்று குறித்துப் போடும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். சில கன்ட்ரோலர்களின் மையப்புள்ளியை உலாவியிலிருந்தே திருத்திச் சேமிக்கும் கருவிகளைத் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி கொடுத்திருக்க வேண்டியது அது. ஒரு குழு நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல், அங்கே படங்கள் அதிகமா அடைமொழிகள் அதிகமா என்பதுதான்.

இனி ஹால் எஃபெக்ட். காந்தப்புலத்தின் குறுக்கே மின்னோட்டம் பாயும்போது பக்கவாட்டில் ஒரு மின்னழுத்தம் தோன்றுவதை எட்வின் ஹால் 1879இல் கண்டார். ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம், சற்றுத் தள்ளி ஒரு சென்சார், அவ்வளவுதான். உரசல் இல்லை, எனவே தேய்வதற்குப் பூச்சும் இல்லை. இதைப் புதுக் கண்டுபிடிப்பு போல விளம்பரம் செய்வதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. 1996இல் சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் கன்சோலுக்கு வந்த 3டி கன்ட்ரோலரிலும், 1998இல் வந்த அதே நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலும் இதே முறைதான் இருந்தது. பிறகு பொட்டென்ஷியோமீட்டர் மலிவு என்பதால் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இப்போது டிஎம்ஆர் என்றொரு வகையும் வந்திருக்கிறது. அதுவும் காந்தம்தான், ஆனால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும், நுண்ணிய அசைவையும் பிடிக்கும். இவ்வளவுக்குப் பிறகும் 2025இல் வந்த ஸ்விட்ச் 2இன் ஸ்டிக்கில் ஹால் எஃபெக்ட் இல்லை என்று நின்டெண்டோவே சொல்லிவிட்டது.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் அட்டைப்பெட்டியில் ஹால் எஃபெக்ட் என்று அச்சிட்டுவிட்டால் சாகாவரம் வந்துவிடாது. நடுவுக்கு இழுத்து வரும் ஸ்பிரிங் தளரும், ஸ்டிக்கைத் தாங்கும் பிளாஸ்டிக் கவட்டையில் ஆட்டம் விழும், அழுத்தினால் சொடுக்கும் பொத்தான் தேயும். இவற்றில் எதற்கும் காந்தம் மருந்தில்லை. தொழிற்சாலையில் மையத்தைச் சரியாகப் பதியாமல் அனுப்பிய மலிவுக் கன்ட்ரோலர்களில் ஹால் ஸ்டிக் முதல் நாளே ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும் நிறுவனங்களின் உயர்விலை மாடல்களில் கூடுதல் காசுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பின்பக்கப் பொத்தான்களும், உறுத்தாத பிடியும், டிரிக்கரின் ஆழத்தை மாற்றும் வசதியும்தான். ஸ்டிக்கின் அடியில் அதே கார்பன் பூச்சு இருக்கக்கூடும். அதனால் நான் சென்சாரின் பெயரைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்பேன்: ஸ்டிக் கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா? சாதாரணக் கன்ட்ரோலரில் ஒரு ஸ்டிக்கை மாற்ற 14 இடங்களில் சால்டரை உருக்கி எடுக்க வேண்டும். பழகாத கை பலகையையே பொசுக்கிவிடும். பிளேஸ்டேஷன் 5க்கு 2023இல் வந்த உயர்விலைக் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் எட்ஜில் ஸ்டிக் பகுதியை அப்படியே உருவி வேறொன்றைச் செருகலாம். ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் ஸ்டிக் தனிப் பலகையாக இருக்கிறது. அதற்கு உதிரிபாகங்களை, அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் ஐஃபிக்ஸிட் வழியாகவே விற்கிறது, சால்டர் உருக்க வேண்டியதில்லை. மாற்ற முடிகிற சாதாரண ஸ்டிக்கா, மாற்ற முடியாத ஹால் ஸ்டிக்கா என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் நிறையப் பேர்.

போலிங் ரேட் (கன்ட்ரோலர் தன் நிலையை விநாடிக்கு எத்தனை முறை சொல்கிறது என்பது) 1000 ஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதற்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். 250 ஹெர்ட்ஸுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் 3 மில்லி விநாடி. தொலைக்காட்சியில் படத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடாமல் விட்டால் அதைவிடப் பல மடங்கு தாமதம் அங்கேயே ஆகிவிடும்.

இப்போது கையில் இருப்பதை என்ன செய்வது? முதலில் எண்ணைப் பாருங்கள். கணினியில் இணைத்து, கன்ட்ரோலர் சோதிக்கும் பக்கம் எதையாவது உலாவியில் திறந்தால் ஸ்டிக்கின் நிலை எண்ணாகத் தெரியும். கையை எடுத்துவிட்டுக் கவனியுங்கள். எண் ஆடாமல், நடுவிலிருந்து சற்று விலகி ஒரே இடத்தில் நிற்கிறதா? மையத்தைத் திருத்தினாலே சரியாகிவிட வாய்ப்பு உண்டு. தொடாமலேயே எண் துள்ளிக்கொண்டிருந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது, அல்லது தூள் சேர்ந்துவிட்டது. அடுத்து, ஸ்டிக்கை நான்கு பக்கமும் தள்ளி ஒவ்வொரு முறையும் மெதுவாக விடுங்கள். இடப்பக்கமிருந்து வந்தால் ஓரிடத்திலும் வலப்பக்கமிருந்து வந்தால் வேறிடத்திலும் நின்றால் அது ஸ்பிரிங்கின் தளர்ச்சி. அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டுச் சுழற்றினால் தூள் நகர்ந்து சில வாரம் நன்றாக இருக்கும். உதிர்ந்த பூச்சு திரும்பி வராது என்பதால் மறுபடியும் தொடங்கும். டெட்ஸோனைக் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொண்டு மேலும் சில மாதம் ஓட்டுபவர்களும் உண்டு. நிதானமான விளையாட்டு என்றால் அதில் குறை ஒன்றும் தெரியாது.

ஒரு வருடம் ஆகவில்லை என்கிறீர்களே, வாரண்டி இருந்தால் இதில் எதையும் செய்யாமல், கன்ட்ரோலரைப் பிரிக்காமல் அனுப்பிவிடுங்கள். அனுப்பும் முன் அதை மேசைமேல் வைத்து, கை தொடாமல் எண் நகர்வதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேவை மையம் எனக்குத் தெரிந்தவரின் கன்ட்ரோலரைச் "சோதித்தோம், பழுது இல்லை" என்று திருப்பி அனுப்பியது. டெட்ஸோன் பெரிதாக இருக்கும் ஏதோ ஒரு விளையாட்டில் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். எண் தெரியும் வீடியோவைச் சேர்த்து மறுபடி அனுப்பியதும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.