தாத்தாவின் 14 கசெட்: எம்பி3 போதுமா, ஃப்ளாக் வேண்டுமா?

மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் தாத்தா காமன் கூத்து வாத்தியார். மாசியில் கூத்து நடக்கும்போது செட்டில் பதிந்த 14 கசெட் வீட்டில் இருக்கிறது, எல்லாம் 60 நிமிடக் கசெட். டவுன் ஸ்டூடியோக்காரர் 128இல் எம்பி3 ஆக்கி பென்ட்ரைவில் தருகிறேன் என்கிறார். எம்பி3 குப்பை, ஃப்ளாக்கில்தான் எடுக்க வேண்டும் என்கிறான் நண்பன். மாமாவின் வேன் செட்டில் ஃப்ளாக் ஓடாது, என் லெப்டொப்பிலும் இடமில்லை. எதைச் செய்வது?"

தம்பி, நண்பன் சொன்ன முடிவு சரி, காரணம்தான் கோணல். எம்பி3, ஃப்ளாக் இரண்டுமே ஒலிக் கோப்பைச் சுருக்கும் முறைகள்தான், எம்பி3 குப்பை கிடையாது. பழைய கசெட் ஒலியை 128இல், அதாவது வினாடிக்கு 128 கிலோபிட் கணக்கில், ஒழுங்காக எம்பி3 ஆக்கி, அதையும் மூலத்தையும் கண்ணைக் கட்டிவிட்டு மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினால் நானே திணறுவேன், ஃப்ளாக் ஃப்ளாக் என்று சத்தம் போடுகிறவர்களில் பலரும் திணறுவார்கள், அதுவும் புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு வித்தியாசம் தெரிகிறது என்கிறவர்களை நான் நம்புவதே இல்லை, ஏனென்றால் புளூடூத்தே போகிற வழியில் ஒலியை இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்புகிறது. அப்புறம் ஏன் ஃப்ளாக் என்றால், நாளைக்கு அந்தக் கோப்பை வைத்து நீங்கள் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்காக.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஃபெக்டரிக்குள் 100 கிலோ கொழுந்து போனால் 20 கிலோ சொச்சம் தூளாக வெளியே வரும். தூளில் நல்ல தேத்தண்ணி போடலாம், ஆனால் தூளைத் திரும்பக் கொழுந்தாக்க எந்த டீமேக்கராலும் முடியாது. எம்பி3 அந்தத் தூள். ஃப்ளாக் என்பது கம்பளியை மடித்துப் பெட்டிக்குள் அமுக்குவது மாதிரி, இடம் குறையும், விரித்தால் ஒரு நூல்கூடக் குறைந்திருக்காது. ஒலியை அளந்து எழுதிய எண்களில் அடுத்த எண் எதுவாக இருக்கும் என்று முந்தின எண்களிலிருந்து ஃப்ளாக் ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது, அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

எம்பி3 எதை வீசுகிறது என்று தெரிந்தால் உங்கள் கசெட்டில் அது எங்கே இடறும் என்றும் புரியும். தப்பு மேளத்தில் ஓங்கி அடி விழும்போது பக்கத்தில் யாராவது மெல்ல இருமினால் அது நம் காதுக்கு எட்டாது, அடி ஓய்ந்த பிறகும் ஒரு கண நேரத்துக்குக் காது அப்படியே அடைபட்டுக் கிடக்கும். எப்படியும் கேட்காத சத்தத்தை எதற்குத் துல்லியமாக எழுதுவானேன் என்று அங்கே மிச்சம் பிடிப்பதுதான் எம்பி3. ஜெர்மனியின் ஃப்ரவுன்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் முன்னின்று செய்த கெட்டிக்கார வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே தப்பு மேளம்தான் அதற்கு எமன். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்குப் பார்க்கும், ஒரு துண்டு ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட. அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும் துண்டின் நடுவில் திடீரென்று அடி விழுந்தால், கணக்கில் வரும் பிழை துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாலேயே 'ஸ்ஸ்' என்று ஒரு கசிவு கேட்கும். அடி கூர்மையாக விழாமல் பஞ்சில் விழுந்தது போல் மழுங்கிவிடும். இதைத் தவிர்க்கத் துண்டைச் சின்னதாக்கும் வழியும் எம்பி3க்குள்ளேயே இருக்கிறது, ஆனாலும் பிட் குறையக் குறைய பல் இளிக்கும். சலங்கையும் இதே கதைதான். போதாததற்குக் கசெட்டின் இரைச்சல் வேறு, அது ஒழுங்கில்லாத சத்தம் என்பதால் அதை எழுதவே நிறைய பிட் போய்விடும், கூத்தில் மதனை இழந்து ரதி அழும் அழுகைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். காமன் கூத்து என்பது தப்பும் சலங்கையும் இரைச்சலும் சேர்ந்த கலவை, எம்பி3க்கு வைக்கிற பரீட்சைத்தாள் மாதிரி!

சரி, இடம் இல்லை என்கிறீர்களே, கணக்குப் பார்ப்போம். சிடி தரத்தில், அதாவது 44.1 கிலோஹேர்ட்ஸ் (ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளப்பது), 16 பிட் (ஒவ்வோர் அளவையும் எழுதும் இடம்), இரண்டு சனலில், ஒரு மணி நேர ஒலி சுருக்காத வேவ் கோப்பாக 635 மெகாபைட். 14 கசெட்டுக்கு 9 ஜிபிக்குக் கொஞ்சம் குறைய. ஃப்ளாக் ஆக்கினால் அதில் பாதிக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் எங்கேயாவது வந்து நிற்கும், இரைச்சல் கூடின கசெட் அவ்வளவாகச் சுருங்காது. 128 எம்பி3 என்றால் மொத்தமும் 800 மெகாபைட் சொச்சம். வித்தியாசம் பெரியதுதான், ஆனால் எதைக் கொண்டு போனாலும் ஒரு 16 ஜிபி பென்ட்ரைவில் அடங்கிவிடுகிறது, ஃபோனில் கிடக்கும் காலை வணக்கம் வீடியோக்களை அழித்தாலே இதைவிட இடம் வரும். இடம் என்பது 20 வருசத்துக்கு முன்னால் நியாயமான காரணம்.

96 கிலோஹேர்ட்ஸ், 192 கிலோஹேர்ட்ஸ் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹேர்ட்ஸ் அளவு, 44.1இல் எடுத்தாலே 22 வரை பதியும், தோட்டத்துச் செட்டில் சாதாரணக் கசெட்டில் பதிந்த ஒலியில் அந்த உயரத்தில் இரைச்சலைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. ஆனால் 16 பிட்டுக்குப் பதிலாக 24 பிட்டில் எடுக்க வசதி இருந்தால் அப்படி எடுங்கள், சத்த அளவைக் குறைத்து வைத்துப் பதிந்தாலும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற வசதிக்காக.

திறந்த ஃபோர்மட் என்ற பேச்சுக்கு வருகிறேன், இதில் எனக்கு ஒரு சொந்தக் கோபம் உண்டு. 2006 வாக்கில் கையடக்க டிஜிட்டல் ரெக்கோடர் ஒன்று வாங்கினேன், பெயர் சொல்லமாட்டேன், பெரிய கம்பனிதான். எங்கள் அப்பாயி பாடின தாலாட்டு மூன்றை அதில் பதிந்தேன். அது தன் சொந்த ஃபோர்மட்டில்தான் சேமிக்கும், திறக்க அதோடு வந்த சிடியிலுள்ள சொஃப்ட்வெயர் வேண்டும். சிடி எங்கேயோ போனது, கம்பனி அந்தச் சொஃப்ட்வெயரைக் கைவிட்டது. மூன்று கோப்பும் இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, இத்தனை கிலோபைட் என்று அளவு காட்டுகிறது, நான் முயன்ற எந்தச் சொஃப்ட்வெயரும் அதைத் திறக்கவில்லை. அப்பாயி இப்போது இல்லை.

திறந்த ஃபோர்மட் என்றால், ஒலியை எந்த முறையில் எழுதியிருக்கிறது என்ற விவரம் எல்லோரும் வாசிக்கும்படி பகிரங்கமாக இருக்கும், அதை வாசிக்கும் மென்பொருளை யாரும் யாரிடமும் காசு கட்டாமல் எழுதலாம். ஃப்ளாக்கின் முதல் பதிப்பு 2001இல் வந்தது, 2003இலிருந்து, திறந்த ஃபோர்மட்டுகளைச் செய்யும் ஸிஃப் அமைப்பின் குடையின் கீழ் இருக்கிறது, 2024 டிசம்பரில் இணைய நியமமாகவே வெளியிட்டுவிட்டார்கள். அதைச் செய்தவர்கள் நாளைக்கே கடையை மூடினாலும் உங்கள் பேரப்பிள்ளை திறந்து கேட்கலாம். எம்பி3 நீண்ட காலம் இப்படி இருக்கவில்லை. 1998இல் ஃப்ரவுன்ஹோஃபர் காப்புரிமைக்குக் கட்டணம் கேட்கப் போவதாகக் கடிதம் அனுப்பியதும்தான் ஸிஃப்காரர்கள் எம்பி3க்கு மாற்றான ஒக் வோர்பிஸ் என்ற திறந்த ஃபோர்மட்டின் வேலையை முடுக்கினார்கள், 2002இல் அதன் 1.0 வந்தது. எம்பி3யின் உரிம ஏற்பாடு 2017 ஏப்ரலில் முடிந்துபோனது, ஆகவே இன்றைக்கு எம்பி3யைக் கொள்கைக்காக ஒதுக்க வேண்டியதில்லை, கொள்கைக்காரர்கள் சிலர் இன்னும் பழைய பஞ்சாங்கத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் ஒரு காலத்தில் அந்தக் கோஷ்டிதான். வோர்பிஸ் வந்த புதிதில் என்னிடமிருந்த எம்பி3 பாட்டுகள் அத்தனையையும் இரவு முழுக்க உட்கார்ந்து வோர்பிஸுக்கு மாற்றினேன், மாற்றி முடித்ததும் எம்பி3யை அழித்தேன். தூளைத் திரும்ப அரைத்த வேலை! ஒரு தடவை வீசியெறிந்து சுருக்கியதை இன்னொரு முறையில் வீசியெறிந்து சுருக்கினால் இரண்டின் குறையும் சேர்ந்து வரும். எம்பி3யை ஃப்ளாக் ஆக்கினாலும் போனது போனதுதான், கோப்பு மட்டும் ஊதும். ஸ்டூடியோக்காரர் எம்பி3யில் எடுத்துவிட்டு ஃப்ளாக் என்று மாற்றித் தந்தாலும் வெளிப்பார்வைக்கு உங்களுக்குத் தெரியாது, அதனால் முதலிலேயே "வேவ்வில் பதிந்து அப்படியே தாருங்கள், ஃப்ளாக்கை நானே ஆக்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். இரைச்சலை எடுக்கிறேன், எக்கோ போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுங்கள், அதெல்லாம் பிரதியில் செய்யலாம், மூலத்தில் கை வைக்கக்கூடாது.

நீங்களே எடுப்பதென்றாலும் முடியும். நல்ல நிலையிலுள்ள ஒரு கசெட் டெக், அதன் லைன் அவுட்டிலிருந்து ஒரு வயர், ஸ்டீரியோ லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்ட், ஒலி பதியும் இலவச மென்பொருளான ஓடாசிட்டி. மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்ட் பலவற்றில் மைக் துளை மட்டும்தான் இருக்கும், அதில் குத்தினால் ஒலி உடைந்து வரும், பார்த்து வாங்குங்கள். ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டு, மீட்டர் உச்சத்தில் −6 டெசிபெலைத் தாண்டாமல் வைத்துப் பதியுங்கள். ஒலி மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியை மயிரளவு திருப்பிப் பாருங்கள், சலங்கை தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபோர்மட்டைப் பற்றி நாம் பேசும் பேச்சு எல்லாவற்றையும்விட இந்தத் திருகாணி செய்யும் வித்தியாசம் பெரியது.

உங்கள் பக்கத்து ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழையும் பனியும் விடாத ஊர் என்பதால் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கலாம், கசெட்டின் ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். பிடித்திருந்தால் ஓட்டவே வேண்டாம், நாடா ஒட்டிக்கொண்டு அறும், டெக் வழியாக மற்றக் கசெட்டுக்கும் பரவும், அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். அடுப்புக்கு மேல் பரணில் வைத்துக் காய வைக்கும் பழக்கம் நம்ம தோட்டத்து லய வீடுகளில் உண்டு, கசெட்டுக்கு அது ஆகவே ஆகாது, சூட்டில் நாடா நெளிந்துவிடும். பூஞ்சணம் இல்லாததை ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டு அப்புறம் பதியுங்கள்.

மாமாவின் வேனுக்கு, ஃப்ளாக்கிலிருந்து 192 கிலோபிட்டில் எம்பி3 எடுத்து ஒரு பென்ட்ரைவில் கொடுங்கள், பழைய செட் எல்லாவற்றிலும் ஓடுவது அதுதான், அங்கே ஃப்ளாக் பேசுவது வீண். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப ஓபஸ் எடுங்கள். 2012இல் வந்த திறந்த ஃபோர்மட், நீங்கள் தினமும் அனுப்பும் வொய்ஸ் மெசேஜே ஓபஸ்தான், யூடியூபும் அதைப் பயன்படுத்துகிறது. 64 கிலோபிட்டில் ஒரு முழுக் கசெட் 29 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும், டேட்டா கார்ட் போட்டுக் கேட்கிறவர்களுக்கு அது பெரிய விசயம். டொக்கியுமன்ட் ஆக அனுப்புங்கள். ஐபோன்காரர் யாராவது திறக்கவில்லை என்று முறைப்பட்டால் விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போடச் சொல்லுங்கள், விஎல்சி திறக்காததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பெயர் வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரெக்கோடிங் பார் காலத்து ஆட்கள் பாட்டின் பெயரை பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட் தமிழில் எழுதுங்கள், ஃப்ளாக்கிலும் ஓபஸிலும் விவரப் பகுதி யூனிகோட்தான், யார் மதன், யார் ரதி, எந்த டிவிசன், எந்த வருசம், தப்பு அடித்தவர் யார் என்று நீளமாகவே எழுதலாம். வேன் செட்டுக்கான பிரதியில் மட்டும் ஆங்கில எழுத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் திரையில் பெட்டி பெட்டியாக வரும்.

பிரதி குறைந்தது இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே லயத்தில் வேண்டாம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போனதைப் பார்த்த சனம் நாம். ஒன்றை வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், பென்ட்ரைவை மட்டும் நம்பாதீர்கள், வருசக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அதுவும் மறந்துபோகும். குடும்பம் சம்மதித்தால் நூலகம் நிறுவனம் போன்ற ஆவணப்படுத்தும் இடத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஃப்ளாக்கில் இன்னொரு நல்ல குணம், ஒலியின் சரிபார்ப்பு எண் கோப்புக்குள்ளேயே இருக்கும், வருசத்துக்கு ஒரு தடவை சோதித்தால் எந்தப் பிரதி பழுதானது என்று அதுவே சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்றைக்கு இரவே ஒரு வேலை. ஒவ்வொரு கசெட்டின் முதுகிலும் இரண்டு மூலையில் சின்னத் தட்டு இருக்கும், பேனை முனையால் 28ஐயும் உடைத்துவிடுங்கள். அது இல்லாத கசெட்டில் தவறிப் பதியும் பொத்தானை அமுக்கினாலும் அமுங்காது.