விலகினால் அம்மா கதைக்கமாட்டாவா?

அன்புள்ள அண்ணா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அப்பா இளவயதிலேயே பஹாய் சமயத்துக்கு வந்தவர். நானும் 15 வயதில் என் பெயரைப் பதிந்தேன். இப்போது 28. அந்தச் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா இறைத்தூதர் என்ற நம்பிக்கை என்னிடம் இல்லை. ஒன்றரை வருடம் மறைத்துவிட்டுப் போன மாதம் வீட்டில் சொன்னேன். "ஷிராஸில் உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் தூக்குக்குப் போனார்கள், நீ சும்மா விட்டுட்டுப் போறியா?" என்று அப்பா கேட்டார். உடன்படிக்கையை மீறினவளோடு யாரும் கதைக்கக்கூடாது என்கிறா ஒரு மாமி. அம்மா அழுதபடியே இருக்கிறா. அவவும் என்னை விட்டுவிடுவாவா? கோபத்தில் எல்லாவற்றையும் பகிரங்கமாக எழுதிவிடலாமா என்றும் இருக்கிறது.

வெள்ளவத்தை வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மாமி சொன்னது பிழை. நம்பிக்கை போய் விலகுகிறவர் உடன்படிக்கை மீறியவர் அல்ல. தன்னைப் பஹாய் என்று சொல்லிக்கொண்டே தலைமையின் அதிகாரத்தை மறுத்துப் பிளவு உண்டாக்குகிறவருக்குத்தான் அந்தப் பெயர். அதை அறிவிக்கும் அதிகாரமும் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருக்கும் பஹாய்களின் உச்சத் தலைமையான உலக நீதி மன்றத்திடம் இருக்கிறது, கொழும்பில் இருக்கும் உறவினர் யாரிடமும் இல்லை. "பஹாவுல்லாவில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்று பஹாய்களின் நிர்வாகக் குழுவான ஆன்மீக சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெயரை எடுத்துவிடுவார்கள். அம்மா உங்களோடு கதைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

மாமியின் பயம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். 1892இல் பஹாவுல்லா மறைந்தபோது மூத்த மகன் அப்துல்-பஹாவைத் தலைவராக எழுதி வைத்திருந்தார். அவருடைய தம்பி முகம்மது அலி அதை ஏற்காமல் எதிர்த்தார். அப்துல்-பஹாவுக்குப் பின் தலைமைக்கு வந்த அவருடைய பேரன் ஷோகி எஃபெண்டி தன் உடன்பிறந்தவர்களையே விலக்கி வைக்கும் அளவுக்கு அந்தக் காயம் குடும்பத்துக்குள்ளேயே நீண்டது. பெரிய பிரிவுகள் இல்லாமல் இந்தச் சமயம் நிலைத்ததற்கு அந்தக் கண்டிப்பு காரணம் என்று பஹாய்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஒற்றுமையைக் காக்க அண்ணனும் தங்கையும் முகம் பாராமல் இருக்க வேண்டும் என்றால் அந்த விலையை என்னால் ஏற்க முடியவில்லை. இதைப் பஹாய் நண்பர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். அவர்கள் இன்றும் என் வீட்டுக்கு வருகிறார்கள்.

உங்கள் அப்பா கேட்டதுதான் என்னை இரண்டு நாள் விடவில்லை. 1983 ஜூன் 18ஆம் திகதி ஈரானின் ஷிராஸ் நகரில் 10 பஹாய்ப் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். மிக இளையவளுக்கு 17 வயது, சிறுவர்களுக்கு வகுப்பு எடுத்தவள். சமயத்தை மறுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் உயிர் தப்பியிருக்கலாம். நம்பாத ஒன்றைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. தங்கச்சி, உங்களுக்கும் இப்போது வாய் வரவில்லை. உங்களுக்கு வந்த சோதனை அவர்களுடையதற்குக் கிட்டவும் வராது, அதை நான் ஒப்பிடவில்லை. ஆனால் நம்பாமல் அந்தச் சபையில் இருந்து பிரார்த்தனை சொல்வது அவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று எப்படிச் சொல்வது? உண்மையை அவரவரே தேடிக் காண வேண்டும் என்பது பஹாய்களின் முதல் போதனைகளில் ஒன்று. அப்பாவும் ஒரு காலத்தில் தன் வீட்டுச் சமயத்தை விட்டுத்தானே இதற்கு வந்தார். அவருடைய அம்மா அன்றைக்கு என்ன சொன்னா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

பகிரங்கமாக எழுதுவதைப் பற்றி. உங்களுக்கு யாராவது அநியாயம் செய்திருந்தால் எழுதுங்கள், நான் பக்கத்தில் நிற்பேன். வெறும் கோபம் என்றால் ஒரு வருடம் பொறுங்கள். நான் 24 வயதில் நான் வளர்ந்த திருச்சபையை விட்டேன். அதற்குப் பிறகு நாலு வருடம் அதைத் திட்டி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனவர்களைவிட நான்தான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரானில் ஆவாரிஹ் என்று ஒருவர் இருந்தார். பஹாய் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதியவர், விலகியபின் அதை எதிர்த்து மூன்று பாகங்கள் எழுதினார். அவர் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலு வருடம்தான் ஞாபகம் வரும்.

சட்டம் உங்கள் பக்கம். விரும்பிய நம்பிக்கையைக் கொள்ளும் உரிமையை இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தருகிறது. அதை அப்பாவிடம் காட்டி வாதாடாதீர்கள், பாவம் அவர்.

பஹாய்கள் பத்தொன்பது நாளுக்கொருமுறை கூடும் விருந்து முக்கியமாக உறுப்பினர்களுக்கானது, அதற்கு இனி உங்களுக்கு அழைப்பு வராமல் போகலாம். ஆனால் மார்ச்சில் வரும் பஹாய்ப் புத்தாண்டான நவ்ரூஸ் எல்லோருக்கும் பொதுவான நாள். அம்மா கூப்பிடுவா, போங்கள். அவ கூப்பிடாவிட்டாலும் போங்கள்.

அன்புடன்,
அண்ணா