பாறையும் பால்வீதியும் சேர்ந்த படத்துக்குப் பாலைவனம்தான் போக வேண்டுமா?

பாலைவனப் பாறைகளுக்கு மேல் பால்வீதி நிற்பதைப் போன்ற படத்தை வேலூர்ப் பக்கத்திலேயே எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சவுதி அரேபியாவில் வேலை பார்த்த காலத்தில் அல் உலாவின் மணற்பாறைகளுக்கு நடுவிலும், ஊர் திரும்பிய பின் ஜவ்வாது மலையிலும் எடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும். ஒரு கணக்கில் நம் ஊரே மேல்.

பால்வீதியின் மையம், பஞ்சாங்கத்தில் நாம் படிக்கும் மூல நட்சத்திரத்தை ஒட்டி, விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் இடையில் இருக்கிறது. அல் உலாவில் அது அடிவானிலிருந்து ஏறக்குறைய 34 பாகை உயரத்தோடு நின்றுவிடும்; வேலூரில் 48 பாகை வரை ஏறும். இருட்டுக்கும் குறையில்லை, காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986இல் ஜவ்வாது மலையில் நிறுவியது சும்மா அல்ல. பாலைவனத்தின் வறண்ட காற்றுதான் நமக்கு வாய்க்காது.

அதனால் என் முதல் இரவு பாழாயிற்று. பிப்ரவரிக் குளிரில் முதல் பத்துப் படங்களில் ஊசிமுனையாக இருந்த விண்மீன்கள், பிறகு பஞ்சாக உப்பத் தொடங்கின. ஃபோகஸ் நகர்ந்துவிட்டது என்று எண்ணி ஒரு மணி நேரம் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், லென்ஸின் முகப்பு மோர்ப்பானையின் வெளிப்புறம் போல முத்து முத்தாக வேர்த்திருந்தது. இப்போது பவர் பேங்கில் இயங்கும் சூடேற்றும் பட்டையை லென்ஸில் கட்டாமல் மூடியையே திறப்பதில்லை.

கேமரா அமைப்பு எளிது: லென்ஸின் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 3200. 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் விண்மீன்கள் கோடாக இழுபடாமல் ஷட்டரைத் திறந்து வைக்கக்கூடிய வினாடிக் கணக்கு வரும் என்பார்கள். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் 16 மி.மீ. லென்ஸுக்கு அது 31. நான் 20ஐத் தாண்டுவதில்லை.

உண்மையான சிக்கல் பாறைதான். அல் உலாவின் மணற்பாறை வெளிர் நிறமாதலால் விண்மீன் வெளிச்சத்திலேயே ஓரளவு துலங்கும். நம் கருங்கல்லோ வானத்தில் விழுந்த ஓட்டை போலக் கறுத்து நிற்கும். டார்ச் அடித்தால் சுண்ணாம்பு பூசியதாகிவிடும். ஆகவே மார்ச் மாத அமாவாசையை ஒட்டி, பின்னிரவு ஒன்றரை மணி வாக்கில் தென்கிழக்கில் எழும் மையத்தை நாலரைக்குள் எடுத்து முடித்து, முக்காலியை மயிரிழையும் அசைக்காமல் காத்திருந்து, ஐந்தே முக்கால் மணியின் நீல வெளிச்சத்தில் பாறையைத் தனியாக எடுத்து, இரண்டையும் கணினியில் இணைக்கிறேன். இதை ஏமாற்று என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காப்புக்காட்டுக்குள் இரவில் தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில், பட்டா நிலத்தில் பாறை உள்ளவர்களைப் பகலிலேயே பார்த்துக் கேட்டுக்கொள்வது என் வழக்கம். இரவில் சொல்லாமல் போய் நின்றால் முதலில் நாய்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.