இத்தாலியில் சுவரோவியங்களுக்காகவே ஒரு பேராலயம் என்றால், ஓர்வியேட்டோ

ஏகப்பட்ட தேவாலயங்கள் இருக்கிற இத்தாலியில், சுவரோவியம் பார்க்கவென்றே ஒன்றுக்குப் போவதானால் எங்கே போகலாம், அதுவும் வாடிகன் கூட்டத்தில் நசுங்காமல் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் ஓர்வியேட்டோவுக்குப் போங்கள் என்பேன். ரோமுக்கும் ஃபிளாரன்சுக்கும் நடுவே, உம்ப்ரியா மாநிலத்தில் இருக்கும் சின்ன ஊர். எரிமலைப் பாறை மேடு ஒன்றின் உச்சியில் இருக்கிறது. ரயில் அடிவாரத்தில் இறக்கிவிடும், நிலையத்துக்கு எதிரிலேயே மேலே போக இழுவை ரயில் உண்டு.

பேராலயத்தின் முகப்பைப் பற்றி மட்டுமே பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் நீங்கள் கேட்டது அதையல்ல. 1290இல் போப் நான்காம் நிக்கோலஸ் அடிக்கல் நாட்டினார். 1310 வாக்கில் கட்டடக் கலைஞர் லொரென்சோ மைட்டானி பொறுப்பேற்று, சாய ஆரம்பித்திருந்த கட்டடத்துக்கு முட்டுக் கொடுத்து, முகப்பையும் வடிவமைத்தார். கீழே நான்கு தூண்களில் உலகப் படைப்பிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை பளிங்கில் செதுக்கியிருக்கிறார்கள். மேலே தங்கப் பின்னணியில் மொசைக். மொசைக்கில் பெரும்பகுதி பிற்காலத்தில் மாற்றிப் பதித்தது, அதனால் என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. தூண்களின் அடியில் நின்று, ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் எழும் சிற்பத்தைப் பாருங்கள், அது போதும்.

உள்ளே நுழைந்தால் வெள்ளையும் கறுப்புமாக வரி வரியாகக் கல். அப்படியே பீடத்தை நோக்கி நடந்து வலப்பக்கம் திரும்பினால் சான் பிரித்சியோ சிற்றாலயம். இத்தனை தூரம் வருவது இந்த ஓர் அறைக்காகத்தான்.

இதன் கதை கொஞ்சம் இழுபறியானது. 1447இல் ஃப்ரா ஆஞ்சலிக்கோ என்ற ஓவியர், தொமினிக்கன் சபைத் துறவி, உதவிக்கு பெனோட்சோ கோட்சோலியை அழைத்துக்கொண்டு வந்து கூரையில் வேலையைத் தொடங்கினார். தீர்ப்பு வழங்கும் கிறிஸ்து, பக்கத்தில் இறைவாக்கினர்கள் என்று இரண்டு பகுதிகள் முடிந்தன. அப்புறம் ரோமுக்குப் போனவர் இந்த வேலைக்குத் திரும்பவில்லை. சாரமும் வெறும் சுவருமாக அரை நூற்றாண்டு போயிற்று. நடுவில் ஓவியர் பெருஜினோவிடம் பேசிப் பார்த்தார்கள், பேச்சு வருடக்கணக்கில் நீண்டு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் 1499இல் லூகா சின்யொரெல்லி என்ற ஓவியரைப் பிடித்தார்கள். அவரிடமும் முதலில் மீதிக் கூரையை மட்டும்தான் கொடுத்தார்கள். அது பிடித்துப்போகவே மறு வருடம் சுவர்களும் அவருக்கே. கூலி 575 டுகாட் நாணயம், தங்க இடம், கூடவே திராட்சை மது. 1504இல் வேலை முடிந்தது.

சுவரில் இருப்பதெல்லாம் உலக முடிவு. பொதுவாக இறுதித் தீர்ப்பை ஒரே சுவரில் அடுக்கி, நடுவே கிறிஸ்துவை உட்கார வைப்பார்கள். சின்யொரெல்லி அதைத் தனித்தனிக் காட்சிகளாகப் பிரித்து அறை முழுக்கப் பரப்பிவிட்டார். நீங்கள் நிற்பது அதற்கு நடுவில். இதை எந்தப் புத்தகப் படமும் தராது, நேரில் போக வேண்டியதற்கு அதுவே காரணம்.

நுழைந்ததும் இடப்பக்கம் அந்திக் கிறிஸ்துவின், அதாவது உலக முடிவில் வரும் போலிக் கிறிஸ்துவின், பிரசங்கம். பீடத்தின் மேல் ஒருவர் நின்று பேசுகிறார், காலடியில் தங்கமும் வெள்ளியும் குவிந்து கிடக்கின்றன. முகம், தாடி, அங்கி எல்லாம் நமக்குப் பழக்கமான இயேசு. முதுகோடு ஒட்டி நின்று ஒரு பிசாசு காதில் ஓதுகிறது. அவருடைய கைகளை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். அங்கிக்குள்ளிருந்து வெளியே வரும் கை அவருடையதா, பிசாசு பின்னாலிருந்து நுழைத்த கையா என்று சொல்ல முடியாது. எனக்கு அந்த அறையிலேயே பயம் தந்தது அந்தக் கைதான், நரகம் கூட அப்புறம்தான். ஃபிளாரன்சில் அனல் பறக்கப் பிரசங்கம் செய்த துறவி சவனரோலாவை 1498இல் தூக்கிலிட்டு எரித்திருந்தார்கள். இந்த ஓவியத்தில் அவருடைய நிழல் இருப்பதாகப் பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம், ஆனால் அது தெரியாமலே ஓவியம் வேலை செய்கிறது.

அதே படத்தின் இடது மூலையில் கறுப்பு உடையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர் சின்யொரெல்லியே, நம்மை நேராகப் பார்க்கிறார். பின்னால் நிற்பவர் ஃப்ரா ஆஞ்சலிக்கோ என்கிறார்கள். பாதியில் விட்டுப் போனவரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. இவர்களுக்குச் சில அடி தள்ளி ஒருவன் கழுத்து நெரிபடுகிறான், இவர்கள் பாட்டுக்கு நிற்கிறார்கள்.

எதிர்ச்சுவரில் உயிர்த்தெழுதல். மேலே இரண்டு பெரிய வானதூதர்கள் எக்காளம் ஊதுகிறார்கள். கீழே வெளிறிய வெற்றுத் தரை, ஒரு புல் கூடக் கிடையாது. தரையைப் பிளந்து மனிதர்கள் வெளியே வருகிறார்கள். இடுப்பு வரை வந்த ஒருவர் இரண்டு கையையும் ஊன்றி எம்பும்போது தோளில் தசை புடைப்பது தெரியும். வெளியே வந்துவிட்டவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், சிலர் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். வலது ஓரத்தில் இன்னும் சதை ஏறாத எலும்புக்கூடுகள் சில, பல்லைக் காட்டியபடி. சாவிலிருந்து எழுவது இவ்வளவு உடம்பு நோகும் வேலையாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்தது நரகத்துக்குப் போகிறவர்கள். இங்கே தரையே தெரியாது, உடல் மேல் உடல். பிசாசுகளின் தோல் பச்சை, ஊதா, சாம்பல் என்று அழுகிய நிறங்களில். மேலே வலது பக்கம் கவசம் அணிந்த மூன்று அதிதூதர்கள் வாளில் கை வைத்தபடி அமைதியாகக் காவல் நிற்கிறார்கள், யாரும் தப்பிக்க முடியாது. நடுவானில் சிறகு விரித்த பிசாசு ஒன்று ஒரு பெண்ணை முதுகில் சுமந்து பறக்கிறது. முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்து இளிக்கிறது. ஓவியரை ஏமாற்றிய காதலி அவள் என்று வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். சும்மா கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிரே மீட்படைந்தவர்கள் பக்கம், சத்தியமாகச் சொன்னால், கொஞ்சம் சலிப்பு. எல்லோரும் அழகாக மேலே பார்க்கிறார்கள். ஆனால் அங்கே பின்னணித் தங்கத்தில் சின்னச் சின்னக் குமிழ்களாக மேடு தட்டியிருப்பார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மின்னுவதற்கான ஏற்பாடு, மின்விளக்கில் அது பாதிதான் எடுபடுகிறது.

கிளம்பும்போது திரும்பிப் பாருங்கள். நீங்கள் நுழைந்த வளைவின் மேலேயே உலகம் அழிகிறது. கட்டடங்கள் சரிகின்றன, வானிலிருந்து நெருப்புக் கதிர்கள் பாய்கின்றன, ஓடுகிறவர்கள் ஓவியச் சட்டத்தைத் தாண்டி நம் தலையில் விழுவதுபோல் முண்டியடிக்கிறார்கள். வாசலுக்கு அருகே கீழ்ச்சுவரில் வட்டச் சாளரம் ஒன்று வரைந்து, அதிலிருந்து ஒருவர் உடம்பை வளைத்து மேலே நடப்பதை எட்டிப் பார்ப்பதாகத் தீட்டியிருக்கிறார். பலர் இவரைக் கவனிக்காமலே வெளியேறிவிடுகிறார்கள். கீழ்ச்சுவர் முழுக்க தாந்தே, வர்ஜில் போன்ற கவிஞர்கள் உண்டு, நேரம் இருந்தால் அதையும் விடாதீர்கள்.

இவ்வளவும் ஈரச் சுண்ணப் பூச்சின் மேல் தீட்டியது. காலையில் அன்றைக்கு முடிகிற அளவுக்கு மட்டும் பூசுவார்கள், காய்வதற்குள் வரைந்தாக வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறமும் அதோடு சேர்ந்து இறுகிவிடும். மறுநாள் பூச்சு பழையதோடு சேரும் இடத்தில் மெல்லிய தையல் கோடு விழும். பக்கவாட்டு வெளிச்சத்தில் உருவங்களின் ஓரத்தில் அதைக் கண்டுபிடிக்கலாம்.

மைக்கேலாஞ்சலோ வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் இறுதித் தீர்ப்பை வரைந்தது 1536க்கும் 1541க்கும் இடையில். அவர் சின்யொரெல்லியிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று, கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிவைத்த வசாரி எழுதியிருக்கிறார். வசாரிக்கு சின்யொரெல்லி தாத்தா முறை, ஆகவே கொஞ்சம் சொந்தப் பாசமும் இருக்கும். ஆனாலும் இரண்டையும் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. சிஸ்டைனில் காவலாளிகள் அதட்டிக்கொண்டே இருப்பார்கள், இங்கே சுவர் கைக்கெட்டும் தூரத்தில், கழுத்து வலிக்கிற வரை நிற்கலாம். பெயரைச் சொல்லி மாளாத புகழ் மட்டும் சின்யொரெல்லிக்கு வரவில்லை. சிக்மண்ட் ஃப்ராய்டே ரயில் பயணத்தில் இந்த ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது ஓவியர் பெயரை மறந்து, போட்டிச்செல்லி, போல்ட்ராஃபியோ என்று வேறு பெயர்களே நினைவுக்கு வர, அந்த மறதியை ஆராய்ந்து 1898இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

எதிர்ப்பக்கச் சிற்றாலயத்தையும் பத்து நிமிடம் எட்டிப் பாருங்கள். 1263இல் பொல்சேனா என்ற ஊரில் பூசையின்போது அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து கறைப்பட்டதாகச் சொல்லப்படும் துணி அங்கே இருக்கிறது. நம் ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயங்களில் கொண்டாடும் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை 1264இல் போப் நான்காம் உர்பான் அறிவித்ததும் ஓர்வியேட்டோவிலிருந்துதான். அங்குள்ள சுவரோவியங்கள் உகொலினோ தி ப்ரேத்தே இலாரியோ வரைந்தவை, ஆனால் சின்யொரெல்லியைப் பார்த்த கண்ணுக்கு அவை தட்டையாகத் தெரியும். முடிந்தால் அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

டிக்கெட் சதுக்கத்தின் எதிர்ப்பக்க அலுவலகத்தில் வாங்க வேண்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். ஞாயிறு காலை பூசை நேரம், அன்று மதியத்துக்கு மேல் போவது உத்தமம். கூரையில் ஆஞ்சலிக்கோ வரைந்தது நன்றாக உயரத்தில் இருக்கிறது, வீட்டில் சின்ன பைனாகுலர் இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது, எனவே உள்ளே முதலில் முடித்துக்கொண்டு சாயங்கால வெயில் மொசைக்கில் விழும்போது வெளியே வந்தால் சரியாக இருக்கும்.